இடது தோளிலிருந்து வலது தோளுக்கு

ஜூன் 3, திங்கள்

இன்று காலை ஆறு ஐம்பதுக்கு, இரண்டாவது காபி முடிந்த கையோடு, வீட்டு அழைப்பு மணியை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் வாழ்வில் இதற்கு இணையான முடிவுகள் மூன்றுதான். 1978இல் மின்வாரிய வேலையை விட்டது, 1983இல் மீசையை எடுத்தது, 1991இல் அரசியலில் சேராமல் இருந்தது. மூன்றையும் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டது. இதையும் ஏற்றுக்கொள்ளும்.

காரணம் இருக்கிறது. இப்போதிருக்கும் மணி குருவி போலக் கத்தும் வகை. நேற்றுக் கூரியர்காரர் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்: ‘மூன்று முறை அழைத்தும் ஆள் இல்லை.’ அந்த நேரம் முழுவதும் நான் கதவிலிருந்து நான்கடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குருவி செத்துவிட்டது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர இடமில்லை. மணி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள் என் மனைவி திலகவதி. நாற்பத்தொரு வருட இல்லறத்தில் அவள் எப்போதும் எதிர்க்கட்சிதான்.

பீரோ மேல் தூசி துடைத்தேன். கோயம்புத்தூரிலிருக்கும் மகள் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கி வந்த சின்னப் பெட்டி அங்கேயே இருக்கிறது. உள்ளே காதில் வைத்துக்கொள்ளும் பொருள்கள் இரண்டு. பிள்ளைகள் பிரியமாக வாங்கித் தந்ததைப் பயன்படுத்தித் தேய்த்துவிடக் கூடாது என்பதால் நான் அதைத் திறக்கவில்லை.

ஜூன் 5, புதன்

எலக்ட்ரீஷியன் ஜாகிர் வந்தார். பழைய மணியை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பார்த்தீங்களா?” என்றேன். அவர் திலகவதியைப் பார்த்தார். திலகவதி சுவரைப் பார்த்தாள். பிறகு அவர் புது மணியை மாட்டினார். கோயில் மணி ஓசை என்று அட்டையில் போட்டிருக்கிறது. நல்ல தொழிலாளி, ஒரே குறை, நெஞ்சுக்குள்ளேயே பேசுகிறார். இப்போது எல்லோருமே அப்படித்தான் பேசுகிறார்கள். கல்வித்துறைக்கு எழுத வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

‘எஸ்டேட் ஏகாம்பரம்’ நாடகம், 994ஆவது தடவை. ஆறு தடவையில் ஆயிரம். ஆவணி பிறந்ததும் ஆகஸ்ட் 18 அன்று ஆயிரமாவது தடவை என்று சபாவில் நாள் குறித்துவிட்டார்கள்.

வருங்கால ஆய்வாளர்களுக்காகச் சில விவரங்கள். இந்த நாடகத்தால்தான் நான் ‘எஸ்டேட்’ தண்டபாணி ஆனேன். கதை எளிது. ஏகாம்பரம் ஒரு குமாஸ்தா. மகளைப் பெரிய இடத்தில் கொடுப்பதற்காக, கோத்தகிரியில் தனக்குத் தேயிலை எஸ்டேட் இருப்பதாகச் சம்பந்தி வீட்டாரிடம் பொய் சொல்கிறான். ஒரு நாள் வாடகைக்கு வெள்ளித் தட்டும் ஒரு வேலைக்காரனும் அமர்த்துகிறான். ஏகாம்பரம் அவிழ்த்துவிடும் ஒவ்வொரு பொய்க்கும் வேலைக்காரன் பொன்னையா பக்கத்தில் நின்று “ஆமாங்க எசமான்” என்பான். வாடகைத் தட்டு கைமாறிப் போய்விடக் கூடாது என்ற பயத்தில், நாடகம் முடியும்வரை இடது கையிலிருந்து அதைக் கீழே வைக்க மாட்டான். ஏகாம்பரம் நான். பொன்னையா, நவநீதம். இருவரும் முதல் நாளிலிருந்து நடிக்கிறோம்.

இந்த நாடகம் எனக்குச் சினிமாவைத் தந்தது. இருநூற்று எழுபத்தேழு படங்கள். அதில் இருபத்தாறு படங்களில் நான் தண்ணீரில் விழுந்திருக்கிறேன். எந்தப் படத்தில் எந்தக் குளம் என்று இன்றும் சொல்வேன்.

நகைச்சுவை என்றால் வசனம் என்று நினைக்கிறார்கள். இல்லை. நகைச்சுவை என்றால் நிற்பது. சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முன்னால் போட்டால் வசனம் முழுகிவிடும். பின்னால் போட்டால் சபை ஆறிவிடும். நாற்பத்தாறு வருடத்தில் ஒரு சிரிப்பின் தலையில்கூட நான் வசனத்தைப் போட்டதில்லை. பதினோரு கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இன்று நன்றாகப் போனது.

ஜூன் 10, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது திலகவதி, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நவநீதத்தின் துண்டு மிகவும் பிடித்துப்போய்விட்டதாகச் சொன்னாள். எந்தத் துண்டு என்று கேட்டேன். பொன்னையாவின் தோளில் கிடக்கும் துண்டுதான். நான் பேசும்போதெல்லாம் அவன் அதை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுகிறானாம். அடுத்த முறை வலதிலிருந்து இடதுக்கு.

எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பேசும்போது பக்கத்தில் நிற்பவன் அசைவது மேடையில் குற்றம். நாற்பத்தாறு வருடம் அசையாமல் நின்ற ஆள். எழுபது வயதில் புகழாசை வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

வளசரவாக்கத்தில் படப்பிடிப்பு. கதாநாயகியின் தாத்தா வேடம். கேமராவுக்குப் பின்னால் நின்ற உதவி இயக்குநர் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் என்னைப் பார்த்துக் கையசைத்தார். மூத்த கலைஞர்களிடம் இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதை காண்பது அரிது. நானும் ஒவ்வொரு முறையும் கும்பிட்டேன். ஒன்பது டேக் ஆயிற்று. பிறகு இயக்குநரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்சியில் தாத்தா சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஆழமாக இருக்கும் என்றார். ஒப்புக்கொண்டேன். நடிப்பில் தூக்கம்தான் கடினமானது.

ஜூன் 16, ஞாயிறு

995. நாடகம் தொடங்குமுன் மேக்கப் அறையில் துண்டு விஷயத்தை எடுத்தேன். நவநீதம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “தோள்ல அரிக்குதுண்ணே” என்றான்.

அரிப்பு யாருக்கும் வரும். மன்னித்தேன். வரும் வழியில் மருந்துக் கடையில் காலமைன் லோஷன் ஒரு பாட்டில் வாங்கி அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வலது தோளை அவன் அடிக்கடி தடவிக்கொள்வதையும் கவனித்தேன். வயதாகிறது அவனுக்கு. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

டப்பிங். குறட்டை இரண்டு, கொட்டாவி ஒன்று. தலையில் ஹெட்போனை மாட்டியதும் உலகம் திருந்திவிட்டது. எல்லோரும் வாய் திறந்து, எழுத்து எழுத்தாகப் பேசுகிறார்கள். ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். நான்கு முறை கூட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தம் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தூரத்தில் போய் நின்றுகொண்டார். வேலை முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

ஜூன் 22, சனி

கோயில் மணியும் பழுது.

ஜூன் 24, திங்கள்

ஜாகிர் மூன்றாவது மணியை மாட்டினார். பள்ளிக்கூடங்களுக்காகச் செய்யப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது ஓரளவு திருப்தியாக இருந்தது. மேல்வீட்டில் குடியிருக்கும் தலைமையாசிரியர் பணி ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மணி அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் மாடிவரை இறங்கி வந்துவிட்டாராம். பிறகு வந்து என்னிடம் ஏதோ சொன்னார். அவரும் நெஞ்சுக்குள்ளேயே பேசுபவர். முகத்தை வைத்துப் பார்க்கும்போது பாராட்டாகத் தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

996. அரிப்பு நின்றுவிட்டதா என்று நவநீதத்தைக் கேட்டேன். நின்றுவிட்டது என்றான். அப்படியானால் துண்டு வேண்டாம் என்று சொல்லி, அவன் தோளிலிருந்து நானே எடுத்து ஆணியில் மாட்டினேன். “வேணாம்ணே, இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்” என்றான். நான் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

நாடகம் சரியாக அமையவில்லை.

ஜூலை 1, திங்கள்

நேற்றைய நாடகம் பற்றி நிதானமாக ஆராய்ந்தேன். சபையில் ஏசி அதிகம்; குளிரில் மனிதன் சிரிக்க மாட்டான். இடைவேளைக்கு முன்பே கேன்டீனில் கீரை வடை போட்டுவிட்டார்கள். வாசனை உள்ளே வந்துவிட்டது. தவிர, படிப்பறிவில்லாத கூட்டம்.

மாலை சபா செயலாளர் பத்மநாபன் வந்தார். பழக்கூடையோடு வந்தார். பழக்கூடையோடு வரும் செயலாளரை நம்பக் கூடாது. நல்லவேளையாக அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து உரக்கப் பேசினார். நேற்று நான் பல இடங்களில் சிரிப்பின் மேலேயே பேசிவிட்டேனாம். ‘கோத்தகிரியில குளிர் அதிகம், அதனால தேயிலைக்கே ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கோம்’ என்ற வசனம் நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக யாருக்கும் கேட்கவில்லையாம். இன்னோர் இடத்தில், யாரும் சிரிக்காதபோது, ஐந்து வினாடி சும்மா நின்றேனாம். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துப் பக்கவாட்டிலிருந்து பிராம்ப்டர் எடுத்துக் கொடுத்தது மூன்றாவது வரிசைவரை கேட்டதாம்.

விஷயத்துக்கு வந்தார். ஆயிரமாவது தடவையை எனக்கான பாராட்டு விழாவாக நடத்தலாம் என்பது கமிட்டியின் ஆசை. நான் மேடையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொன்னாடை, வீணை வடிவத்தில் ஒரு கேடயம், அமைச்சர் யாராவது. நாடகத்தில் ஏகாம்பரமாகத் தொலைக்காட்சியில் வரும் பையன் ஒருவன் நடிப்பான்.

“நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“ரசிச்சுக்கிட்டு இருக்கலாம் சார்.”

ஏகாம்பரம் இருக்கும்வரை ஏகாம்பரம்தான் ஏகாம்பரம் என்றேன். இன்னும் மூன்று தடவை பார்ப்போம் சார், அதற்கப்புறம் கமிட்டி கூடி முடிவெடுக்கட்டும் என்று எழுந்துகொண்டார். பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார். மாதுளை நான்கு, ஆப்பிள் ஆறு. ஆப்பிளில் ஒன்று அழுகல்.

ஜூலை 3, புதன்

சபாவில் எல்லா நாடகத்தையும் கேமராவில் பதிவுசெய்கிறார்கள். 996ஐப் பென் டிரைவில் வாங்கி வந்து தொலைக்காட்சியில் போட்டேன். ஒலியை அறுபத்திரண்டுக்கு வைத்தேன். மேல்வீட்டார் வந்து மணி அடித்ததாகத் திலகவதி பிறகு சொன்னாள்.

பெரிய மோசடி. பதிவில் சிரிப்பு இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது. அன்று மேடையில் இல்லாத சிரிப்பு டிவியில் எப்படி வரும்? பின்னால் சேர்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொடர்களில் செய்யும் வேலை. பத்மநாபனுக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி, ‘கண்டனத்துடன்’ என்று கையெழுத்திட்டேன்.

ஜூலை 4, வியாழன்

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. ஒரு சின்ன இடறல். சிரிப்பைப் பின்னால் சேர்ப்பவன், வசனத்துக்கு இடம்விட்டுத்தான் சேர்ப்பான். என் வசனம் காதில் விழாதபடி அதன் தலையிலேயே சேர்க்க மாட்டான்.

மேடையில் நவநீதம் துண்டில்லாமல் நிற்கிறான். ஒவ்வொரு சிரிப்பிலும் அவன் வலது கை தானாக இடது தோளுக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து இறங்குகிறது.

மாலை 994இன் பதிவையும் வாங்கி வந்து பார்த்தேன். துண்டு அறுபத்தொரு முறை தோள் மாறியது. நான் அறுபத்தொரு முறை நிறுத்தினேன். துண்டு மறு தோளில் விழுந்த பிறகுதான், அறுபத்தொரு முறையும், பேசினேன்.

நாடகத்திலேயே நீளமான சிரிப்பு ஒன்பது வினாடி. அது என் வசனத்துக்கு வந்ததல்ல. துண்டுக்கு வந்தது.

ஜூலை 5, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மதியம் அவரைக்காய்ப் பொரியல்.

ஜூலை 7, ஞாயிறு

வில்லிவாக்கத்துக்குப் போனேன். நவநீதம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு அறை வீடு. வலது தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாங்கி அனுப்பிய காலமைன் லோஷன் அலமாரியில் விநாயகர் படத்துக்குப் பக்கத்தில், மூடி திறக்காமல் இருந்தது. அவன் மனைவி கோமதி, டாக்டர் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லியிருப்பதாகவும், இவர் கேட்பதில்லை என்றும், நானாவது சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். தோள் மூட்டு இறுகிக்கொண்டு வருகிறதாம்.

“எத்தனை நாளா?” என்றேன்.

“ரெண்டு வருஷம் இருக்கும்ணே.” அவன் எப்போதும் என் முகத்துக்கு நேராக, மெதுவாக, உரக்கப் பேசுகிறான். நெஞ்சுக்குள் பேசாத ஒரே மனிதன் என்று இவனைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“துண்டு?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “அதுவும் ரெண்டு வருஷந்தான். திருச்சியில ஒரு நாள் நீங்க ரெண்டு மூணு எடத்துல சிரிப்பு மேலயே பேசிட்டீங்க. அப்புறம் ஒரு எடத்துல நான் யதேச்சையா துண்ட மாத்திப் போட்டேன். நீங்க கரெக்டா எடுத்தீங்க. சரி, நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எதண்ணே?” என்றான்.

அதே முகம். எஸ்டேட் இல்லை என்று தெரிந்தே “ஆமாங்க எசமான்” சொல்லும் முகம். நாற்பத்தாறு வருடமாகப் பக்கத்தில் நிற்பதால், இந்த முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை.

கோமதி காபி கொண்டுவந்தார். நல்ல காபி. டாக்டர் சொல்வதைக் கேள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

997. டாக்டர் சொல்வதை அவன் கேட்கவில்லை. துண்டோடு வந்தான். நானும் தடுக்கவில்லை.

நாடகம் பிரமாதம் என்று பத்மநாபன் கை கொடுத்தார்.

ஜூலை 21, ஞாயிறு

998. பிரமாதம். முப்பதாவது தடவை மாற்றும்போது நவநீதம் முகத்தைச் சுளித்தான். அதற்கும் சிரித்தார்கள். பல்லைக் கடிக்கிறான் என்பது பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 24, புதன்

பீரோ மேல் தூசி துடைத்தேன். பெட்டியையும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

999. நாற்பத்து நான்காவது முறை துண்டு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. கை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அந்தக் கையோடு அப்படியே நின்று “ஆமாங்க எசமான்” என்றான். சபை கைதட்டியது. மீதி நாடகத்தை நான் எப்படி நடித்தேன் என்று பத்மநாபனைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து அவன் சட்டையை மேக்கப்காரரும் நானும் சேர்ந்து கழற்றினோம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நவநீதத்தின் கையை மடக்கிக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. பத்மநாபன் வந்தார். பழக்கூடை போன தடவையைவிடப் பெரிது. கமிட்டி கூடிவிட்டது, தொலைக்காட்சிப் பையன் ஒத்திகைக்கே வந்துவிட்டானாம். ஆயிரமாவது தடவையும் நான்தான் நடிப்பேன், நவநீதம் கட்டோடு வந்து நிற்பான் என்றேன்.

“துண்டு இல்லாம எப்படி சார்?” என்றார்.

ஆக, இவருக்கும் தெரியும். மேக்கப்காரருக்குத் தெரிந்திருக்கும். பிராம்ப்டருக்குத் தெரிந்திருக்கும். முன்வரிசை அம்மாளுக்கு மட்டும் அது தமாஷாக இருந்திருக்கிறது.

பன்னிரண்டு நாள் பொறுங்கள் என்றேன். பதினேழாம் தேதி மாலை ஒரு ஒத்திகை பார்க்கிறேன், அதில் திருப்தி இல்லையென்றால் பெரிய நாற்காலியில் நீங்கள்தான் உட்கார வேண்டும் சார் என்றார்.

திலகவதி அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். “பீரோ மேல இருக்கறத நான் எடுக்கட்டுமா, நீங்களே எடுக்கறீங்களா?”

மாதுளை எட்டு. ஆப்பிள் கிடையாது.

ஆகஸ்ட் 7, புதன்

மகள் கொடுத்த பெட்டியைத் திறந்தேன். பெட்டி நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

நம் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் மழை பெய்வதுபோல் இருக்கிறது. என் செருப்பு இவ்வளவு பேசும் என்று யாரும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கூரியர்காரர் வந்து மணியை அழுத்தினார். கையிலிருந்த காபி டம்ளர் கீழே போய்விட்டது. மேல்வீட்டுத் தலைமையாசிரியர் சொன்னது என்னவென்று தெரியாது. என்னவாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

திலகவதி சமைக்கும்போது பாடுகிறாள். கல்யாணமான புதிதில் பாடுவாள். நடுவில் விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். எப்போது மறுபடி ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

“எங்கங்க நிறுத்தினேன்?” என்றாள்.

ரசம் கொஞ்சம் உப்பு.

ஆகஸ்ட் 17, சனி

ஒத்திகை. பத்மநாபன் காலி மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சிரிக்க வேண்டிய இடங்களில் கடமையாகச் சிரித்தார். நான் நின்றேன், அவர் முடிக்கும் தறுவாயில் எடுத்தேன். வேண்டுமென்றே ஓர் இடத்தில் அவர் பாதியில் நிறுத்திப் பார்த்தார். நானும் பாதியில் எடுத்தேன். கடைசியில் அவர் எழுந்து வந்து என் இரண்டு காதையும் பார்த்தார். தொலைக்காட்சிப் பையனுக்கு அங்கிருந்தே போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆயிரம்.

திரை ஏறுவதற்கு முன்பே எனக்கு எல்லாம் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறார். நான்காவது வரிசையில் இரண்டு பெண்மணிகள் மூன்றாவது பெண்மணியின் மருமகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நவநீதத்துக்கு வலது கையில் கட்டு, இடது கையில் வெள்ளித் தட்டு, இடது தோளில் துண்டு. துண்டு எதற்கு என்று கேட்டேன். பொன்னையாவுக்குத் தோளில் துண்டு இல்லாவிட்டால் ஜனங்கள் வேறு யாரோ என்று நினைத்துவிடுவார்கள் என்றான்.

கையில் என்ன கட்டு என்று சம்பந்தி வேடக்காரர் கேட்டார். “எஸ்டேட்ல யானை கை குடுத்துச்சு” என்றேன். எழுதாத வசனம்.

சிரிப்பு வந்தது.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சிரிப்பு என்றால் ஒரே சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே சிரிக்கிறார். ஒரு பெண் மூச்சு விடாமல் சிரிக்கிறாள். ஒருவர் எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஆரம்பிக்கிறார். எழுகிறது, உச்சிக்குப் போகிறது, இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். என் வசனம் எங்கே என்று தேடினேன். இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக வசனம் மறந்துவிட்டது. கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன்.

நவநீதம் என்னைப் பார்த்தான். சிரிப்பு என் காதில் விழவில்லை என்று நினைத்துவிட்டான். கட்டுக்குள் வலது கை துடித்தது. தட்டு இடது கையில். முகத்தில் வியர்வை. கண்ணால் தன் இடது தோளைக் காட்டினான்; பிறகு வலது தோளைக் காட்டினான்; மறுபடி இடது தோளை.

நான் அவன் பக்கம் போனேன். ஏகாம்பரம் தன் இடத்தை விட்டு வேலைக்காரன் பக்கம் நகர்வது நாடகத்தில் கிடையாது. அவன் இடது தோளிலிருந்த துண்டை எடுத்து, ஒரு முறை உதறி, மடித்து, வலது தோளில் போட்டேன். கட்டின் மேல் படாமல் போட்டேன்.

பதினான்கு வினாடி. எண்ணினேன். அது முழுக்க அவனைப் பார்த்து வந்த சிரிப்பு. இறங்கி மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தபோது நவநீதம், எழுதியிராத இடத்தில், தன் வசனத்தைச் சொன்னான்.

“ஆமாங்க எசமான்.”

அவன் குரல் உடைந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும்.

அதன் பிறகு அறுபது இடத்திலும் நானே போய் மாற்றிப் போட்டேன். நாடகம் இருபது நிமிடம் அதிகமாக ஓடியது. கேன்டீனில் கீரை வடை ஆறிவிட்டது. பொன்னாடை இரண்டு கேட்டு வாங்கினேன். அவனுக்கு இடது தோளில் மட்டும் போடச் சொன்னேன். வீணைக் கேடயத்தில் என் பெயரைத் தப்பாகப் பொறித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை பதினொன்றுக்கு ஜாகிர் வந்தார். பள்ளிக்கூட மணியைக் கழற்றிவிட்டுப் பழைய குருவி மணியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.